நெற்றிப்பட்டையும் பழிக்கணக்கும்

சித்திரப் படம் என்றால் அது சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் ஆழ வேரூன்றிவிட்டது. பூனை எலியைத் துரத்தும். எலி பூனையை ஏமாற்றும். பார்க்கும் பிள்ளை கைகொட்டிச் சிரிக்கும். ஊரைவிட்டு வந்து, பாட்டியும் அத்தையும் அருகில் இல்லாத வீடுகளில், அடுப்பில் உலை கொதிக்கும் அரைமணி நேரத்துக்குப் பிள்ளையை ஓரிடத்தில் அமர்த்திவைக்க இதைவிட வேறு துணை ஏது? "பொம்மைப் படந்தானே, பார்க்கட்டும்" என்று கைபேசியைக் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். அந்த நம்பிக்கையோடு எந்த வீட்டிலும் திறந்துவிடக் கூடாத ஒரு சித்திரப் படத்தைப் பற்றியே இம்மாதம் எழுத முற்பட்டிருக்கிறோம்.

"ஆப்ரோ சாமுராய்: ரெசரெக்‌ஷன்" என்பது அதன் பெயர். 'உயிர்த்தெழல்' என்று தமிழில் சொல்லலாம். 2009ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் முதன்முதலாக வெளிவந்தது. வரைந்தவர்கள் ஜப்பானியர். பாத்திரங்கள் பேசுவதோ ஆங்கிலம். பின்னே ஒலிப்பது நியூயார்க் நகரத்துக் கறுப்பின இளைஞரின் ஹிப்-ஹாப் இசை. கதை பழிவாங்கும் கதை. குருதி ஆறாக ஓடுகிறது என்று நாம் சொன்னால் அதை உவமை என்று கொள்ள வேண்டா; திரையில் அவ்வாறே ஓடுகிறது. ஆபாசமும் ஆங்காங்கே உண்டு. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இது வயது வந்தோர்க்கு மட்டுமே உரியது.

அப்படியானால் குடும்பத்தார் யாவரும் படிக்கும் சங்கத்து ஏட்டில் அதைப் பற்றி எழுதுவானேன் என்று மூத்த அன்பர்கள் புருவத்தை நெரிக்கலாம். கல்லூரி வாயிலைத் தொட்டுவிட்ட நம் பிள்ளைகள் இத்தகைய படங்களை நன்கு அறிவார்கள். பெற்றோராகிய நாம்தான் அறியோம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் முக்கியமானது. அத்தனை வெட்டுக்கும் குத்துக்கும் நடுவே, தந்தையின் சாவை நேரில் கண்ட பிள்ளை என்ன ஆவான் என்ற கேள்வியை இப்படம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் தமிழ்த் திரையில் தந்தையைக் கொன்றவனைத் தேடி மகன் புறப்பட்ட கதைகளுக்குக் கணக்கில்லை. வில்லன் வீழ்ந்ததும் 'வணக்கம்' போட்டுவிடுவார்கள். அதற்கு மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று யாரும் காட்டியதில்லை. இப்படம் அந்த மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது.

கதையின் முற்பகுதியைச் சொன்னால்தான் பிற்பகுதி விளங்கும். டகாஷி ஒகசாகி என்னும் ஜப்பானிய ஓவியர், ஹிப்-ஹாப் இசையிலும் அதற்கு முந்திய ஸோல் இசையிலும் மிகுந்த ஈடுபாடு உடையவர். சுருட்டை முடியைப் பந்துபோல் வளரவிடும் கறுப்பினத்தாரின் சிகை அலங்காரத்துக்கு 'ஆப்ரோ' என்று பெயர். அத்தகைய தலையும் இடையில் ஜப்பானிய வாளும் கொண்ட ஒரு வீரனை அவர் கற்பனை செய்து, 1990களின் இறுதியில் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய சிறு பத்திரிகை ஒன்றில் சித்திரக் கதையாக வரைந்தார். பெரிய பதிப்பகம் எதுவும் பின்னால் இல்லை. அக்கதை ஹாலிவுட் நடிகர் சாமுவேல் எல். ஜாக்ஸனின் கருத்தைக் கவர்ந்தது. அவர் தயாரிப்பாளர்களுள் ஒருவராகச் சேர்ந்ததோடு கதாநாயகனுக்குக் குரலும் கொடுத்தார். 'கான்ஸோ' என்னும் ஜப்பானிய நிறுவனம் ஐந்து பகுதிகள் கொண்ட தொடராக அதை உருவாக்க, 2007 ஜனவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. இயக்கியவர் ஃபுமினோரி கிஸாகி. இரண்டு ஆண்டு கழித்து வந்த படத்தையும் அவரே இயக்கினார்.

கதை நடக்கும் உலகம் விசித்திரமானது. குடிசையும் மூங்கிற்காடும் வழிச்சாவடியும் பழைய ஜப்பானைக் காட்டும். திடீரென்று ஒருவன் தொலைபேசியில் பேசுவான், இயந்திர மனிதன் ஒருவன் வாளோடு வந்து நிற்பான். எந்த நூற்றாண்டு என்று கேட்கக் கூடாது. அந்த உலகத்தில் இரண்டு நெற்றிப்பட்டைகள் உண்டு. 'முதலாம் எண்' பட்டையை அணிந்தவன் உலகில் தலையாய வீரன்; கடவுளுக்கு நிகரானவன். அவனோடு பொருதும் உரிமை 'இரண்டாம் எண்' பட்டையை அணிந்தவனுக்கு மட்டுமே உண்டு. இரண்டாம் எண்ணுக்கு உரியவனையோ யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தாக்கலாம். இரயில்வே அலுவலகங்களில் சீனியாரிட்டிப் பட்டியல் என்று ஒன்று உண்டு. முதல் இடத்தார் ஓய்வு பெறும் நாளை இரண்டாம் இடத்தார் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டாம் இடத்தாரை ஏனையோர் எல்லாரும் ஓரக்கண்ணால் பார்த்தவண்ணம் இருப்பர். ஏறத்தாழ அதே முறைதான் இதுவும். ஓய்வுபசார மாலைக்குப் பதிலாக இங்கே தலை உருள்கிறது என்பது ஒன்றே வேறுபாடு.

ஆப்ரோவின் தந்தை ரொகுடாரோ முதலாம் எண்ணுக்கு உரியவர். 'ஜஸ்டிஸ்' என்னும் துப்பாக்கிக்காரன் அவரை வென்று, சிறுவன் கண்ணெதிரேயே தலையை வீழ்த்துகிறான். 'ஜஸ்டிஸ்' என்றால் நீதி. பெயர் வைத்தவரின் குறும்பைக் கவனியுங்கள். வளர்ந்து ஆளான பின் வந்து கேள் என்ற பாவனையில் அவன் சிறுவனை விட்டுவிட்டுப் போகிறான். அநாதையான ஆப்ரோவை ஒரு வாளாசிரியர் எடுத்து வளர்க்கிறார். உடன் பயிலும் பிள்ளைகளே உடன்பிறந்தார் ஆகிறார்கள். ஆனால் இரண்டாம் எண் பட்டை இருப்பது அந்த ஆசானிடமே! தந்தையைக் கொன்றவனை நெருங்க வேண்டுமானால் தந்தையாக வளர்த்தவரை முதலில் கொல்ல வேண்டும். ஆப்ரோ அதைச் செய்கிறான். அந்த நாளில் பட்டைக்காகப் படையெடுத்து வந்தவர்களின் கையில் உடன் பயின்ற பிள்ளைகளும் மடிகிறார்கள். தப்பிப் பிழைத்த நண்பன் ஜின்னோ, உடலில் பாதி இயந்திரமாகி, கரடிப் பொம்மையின் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பிற்காலத்தில் பகைவனாக எதிரே வந்து நிற்கிறான். பிள்ளை விளையாடும் பொம்மையின் முகம். அதற்குள்ளே ஆறாத வெறுப்பு. அந்த ஓர் உருவத்துக்காகவே ஒகசாகியைப் பாராட்டலாம்.

ஆப்ரோ அதிகம் பேசுவதில்லை. அவனுடன் 'நிஞ்ஜா நிஞ்ஜா' என்று ஓயாமல் வம்பளக்கும் தோழன் ஒருவன் திரிகிறான். உண்மையில் அப்படி ஒருவன் இல்லை. ஆப்ரோவின் மனமே அவனாக வடிவெடுத்துப் பேசுகிறது. ஊமையைப் போன்றவனுக்கும் வாயாடிக்கும் குரல் கொடுத்திருப்பவர் அதே சாமுவேல் ஜாக்ஸன்தான். முதலில் வேடிக்கையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, பின்னர் சற்றே நெஞ்சைப் பிசைகிறது. உலகில் பேசுவதற்கு ஒருவரையும் மிச்சம் வைக்காதவன் தன்னோடு தானே பேசிக்கொள்கிறான் அன்றோ?

இனி 2009ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். ஆப்ரோ வென்றுவிட்டான். முதலாம் எண் பட்டை அவனிடம் இருக்கிறது. மனித நடமாட்டம் இல்லாத இடத்தில் தனித்திருக்கிறான். வெற்றியைக் கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது ஒரு பெண் வருகிறாள், பெயர் சியோ. ஜின்னோவின் தங்கை. ஆப்ரோவின் பழிவெறியால் வீடும் சுற்றமும் இழந்தவர்களுள் ஒருத்தி. அவள் ஆப்ரோவை வீழ்த்திப் பட்டையைப் பறிக்கிறாள். அதனோடு நில்லாமல் ரொகுடாரோவின் எலும்பையும் எடுத்துச் செல்கிறாள். அந்த எலும்பைக் கொண்டு தந்தையை மீண்டும் உயிர்ப்பித்து, அவர் கையாலேயே மகனைச் சித்திரவதை செய்விப்பது அவள் எண்ணம். எந்தத் தந்தைக்காகப் பழிவாங்கினானோ அந்தத் தந்தையே வாளோடு எதிரே நிற்கும் நிலை! சியோவுக்குக் குரல் கொடுத்த லூசி லியூ, சினம் மிகும் இடங்களில் குரலை உயர்த்தாமல் தாழ்த்துகிறார். அது சினத்தைவிட அச்சம் தருகிறது.

நம் மனத்தில் தைத்த காட்சி இவர்கள் இருவரும் சேர்ந்து வருவது அன்று. சியோவை மீண்டும் எதிர்கொள்ள ஆப்ரோவுக்கு இரண்டாம் எண் பட்டை வேண்டும். அது ஷிசிகோரோ என்பவனிடம் இருக்கிறது. அவன் கோடாரோ என்னும் சிறுவன் ஒருவனைத் தன் பொறுப்பில் வைத்து வளர்த்துவருகிறான். நேயர் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். ஷிசிகோரோ மாய்கிறான், சிறுவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். முன்னொரு நாள் ஜஸ்டிஸ் நின்ற இடத்தில் இன்று ஆப்ரோ நிற்கிறான். ஆப்ரோ நின்ற இடத்தில் கோடாரோ நிற்கிறான். எல்லாம் முடிந்த பிறகு ஆப்ரோ அச்சிறுவனைத் தேடிச் சென்று இரண்டாம் எண் பட்டையை அவனிடம் கொடுத்து, ஆயத்தமானபோது வரலாம் என்று சொல்லிவிட்டு நடக்கிறான்.

இதைக் கண்ணியம் என்பதா, கொடுமை என்பதா? எங்கள் பகுதி இளைஞர் சிலரிடம் கேட்டபோது, "அவனுக்கு உரிய உரிமையைக் கொடுத்துவிட்டான், அதுதான் வீரம்" என்றார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பேரேட்டில் ஒரு கணக்கை முடிக்க இயலாதபோது, இருப்பை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது எழுத்தர் வழக்கம். ஆப்ரோ செய்தது அவ்வளவே. அடுத்த பக்கத்தின் தலைப்பில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிவிட்டுப் போகிறான்.

இவ்விடத்தில் உண்மையான ஜப்பானிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில் பழிவாங்குதல் சட்டத்துக்கு உட்பட்ட செயலாகவே இருந்தது. 'கடாகியுசி' என்பது அதன் பெயர். தந்தையையோ தமையனையோ தலைவனையோ கொன்றவன் மீது பழிதீர்க்க விரும்பும் சாமுராய் தன் பிரபுவிடம் விண்ணப்பித்து, அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறி, அநுமதி பெற்ற பிறகே புறப்படவேண்டும். கொலைக்கும் பதிவேடு! மூத்தோர்க்காக இளையோர் பழிவாங்கலாமே ஒழிய, மகனுக்காகத் தந்தையோ தம்பிக்காக அண்ணனோ வாங்க இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி இருந்தது: ஒருமுறை முறைப்படி பழி தீர்க்கப்பட்டால், அதில் மாண்டவனின் மக்கள் மறுபடி பழிவாங்கக் கூடாது. கணக்கு அதோடு முடிந்தது. வாளையே உயிராகப் போற்றிய அந்தச் சமுதாயங்கூட, இந்தக் கயிற்றை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும் என்று உணர்ந்திருந்தது. பின்னர் மெய்ஜி அரசாங்கம் 1873இல் பழிவாங்குதலை அடியோடு தடை செய்தது.

விதிக்கு அடங்காத பழியும் உண்டு. ஜப்பானியர் இன்றும் போற்றும் 47 ரோனின்களின் வரலாறு அத்தகையது. அவர்களுடைய தலைவர் அஸானோ 1701இல் எடோ கோட்டைக்குள் கிரா என்னும் அதிகாரியை வாளால் தாக்கிய குற்றத்துக்காகத் தம் வயிற்றைத் தாமே கிழித்து மாளுமாறு ஆணையிடப்பெற்றார். தலைவனை இழந்த வீரர்கள் காலம் பார்த்திருந்து, 1703 ஜனவரியில் பனி பெய்த இரவொன்றில் கிராவின் மாளிகையில் புகுந்து அவர் தலையைக் கொய்து, தலைவர் கல்லறையின் முன் வைத்தார்கள். அவர்களும் அதே முறையில் மாளுமாறு அரசு ஆணையிட்டது. டோக்கியோவில் செங்காகுஜி என்னும் கோயிலில் அவர்களுடைய கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. 1748இல் அக்கதை பொம்மலாட்டமாக அரங்கேறிற்று. இன்றுவரை நாடகமும் படமுமாகத் தொடர்கிறது. நெற்றிப்பட்டை என்னும் கற்பனைக்கு இந்த நெடிய மரபு பின்புலமாக நிற்கிறது. ஒகசாகியின் உலகத்தில் பழைய ஜப்பானின் வாள் இருக்கிறது. கயிற்றை அறுத்த அந்த விதிதான் இல்லை. எடுத்துவிட்டார். கதையின் கொடுமை முழுதும் அந்த ஒரு நீக்கத்தில் அடங்கியிருக்கிறது.

கறுப்பினச் சாமுராய் என்பதே வெறுங்கற்பனை என்று எண்ணிவிடவும் வேண்டா. 1579இல் இந்தியா, மக்காவ் வழியாக ஜப்பான் சேர்ந்த வாலிக்ஞானோ என்னும் கத்தோலிக்கப் பாதிரியாருடன் ஆப்பிரிக்கர் ஒருவர் சென்றார். ஜப்பானியர் அவரை 'யாஸுகே' என்று அழைத்தனர். 1581இல் ஓடா நோபுனாகா என்னும் பேரரசியல் தலைவர் அவரைக் கண்டு, நிறம் மை பூசியதோ என்று ஐயுற்றுத் தேய்த்துக் கழுவச்செய்தாராம். பின்னர் தம் பணியிலேயே வைத்துக்கொண்டு ஊதியமும் இருப்பிடமும் அளித்தார். 1582இல் நோபுனாகா தம் தளபதி ஒருவனின் துரோகத்தால் மாண்டபோது யாஸுகே உடன் இருந்தார். அவருக்குச் சாமுராய் என்ற தகுதி இருந்ததா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். ஆப்ரோவின் கதை அவர் கதை அன்று. ஆயினும், பிறர் நாட்டில் பணிசெய்து வாழ்ந்த அவரை நம்மைப் போன்றவர்கள் ஒரு நொடி நினைத்துக்கொள்ளலாம்.

நிற்க, இந்த ஹிப்-ஹாப் இங்கே எப்படி வந்து சேர்ந்தது? விளம்பரத்துக்காக ஒட்டவைத்த ஒட்டா? நாம் அப்படிக் கருதவில்லை. ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாளைச் சொல்வர். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். அங்கு வாழ்ந்த ஒரு பெண், பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க எண்ணிப் பொது அறையில் ஆட்டக் கொண்டாட்டம் ஒன்று வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு சுழற்றியவர் அவளுடைய தமையன் கிளைவ் காம்பெல். 'கூல் ஹெர்க்' என்பது புனைபெயர். ஜமெய்க்காத் தீவிலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பம். பாட்டின் இடையே மேளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியில் ஆட்டக்காரர்கள் குதூகலிப்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, ஒன்று முடியும்போது மற்றொன்றைத் திருப்பி, அச்சிறு பகுதியை நீட்டிக்கொண்டே போனார். புதிய வாத்தியம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் பழைய தட்டிலிருந்து புதிய இசை எடுத்த வரலாறு அது.

ஆப்ரோ சாமுராய்க்கு இசையமைத்தவர் ஆர்.இஸட்.ஏ. என்று எழுதி 'ரிஸா' என்று அழைக்கப்படும் கலைஞர். 'வு-டாங்' குழுவின் தலைவர். இளமையில் நியூயார்க்கின் 42ஆம் தெருவில் மலிவுக் கட்டணக் கொட்டகைகளில் சீனச் சண்டைப் படங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். 1993இல் வந்த அவர் குழுவின் முதல் இசைத்தொகுப்பின் பெயரிலேயே, 1978ஆம் ஆண்டு ஹாங்காங் படம் ஒன்றின் '36 அறைகள்' இடம்பெற்றன. (ஷாவ்லின், தற்காப்புக் கலை என்றதும் காஞ்சியிலிருந்து போதிதர்மரை அழைத்துவந்து நிறுத்துவது நம் மேடை வழக்கம். அவர் இம்முறை ஓய்வெடுக்கட்டும்.) அக்குழுவைச் சேர்ந்த ஜி.இஸட்.ஏ.வுக்காக 1995இல் ரிஸா உருவாக்கிய தொகுப்பு ஒரு சிறுவனின் குரலோடு தொடங்குகிறது. அது 'ஷோகன் அஸாஸின்' என்னும் 1980ஆம் ஆண்டுப் படத்திலிருந்து எடுத்த குரல். அந்தப் படமும் ஒட்டுவேலைதான்: 1972இல் வந்த இரண்டு ஜப்பானியப் படங்களை வெட்டிச் சேர்த்து, ஆங்கிலத்தில் பேசவைத்தது. பழிவாங்கப் புறப்பட்ட சாமுராய் ஒருவன் தன் குழந்தையை மரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் கதை. புறப்படுமுன் குழந்தையின் முன்னே ஒரு வாளையும் ஒரு பந்தையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் இறந்த தாயிடம் அனுப்பிவிடுவான். வாளைத் தொட்டால் உடன் வரலாம். குழந்தை வாளைத் தொடுகிறது. தந்தை செய்த கொலைகளையெல்லாம் படம் முழுதும் அப்பிள்ளையின் வாயாலேயே கேட்கிறோம்.

வாளையும் பந்தையும் நம் முன்னே வைத்த அந்த ஜப்பானியப் படம் அமெரிக்கா சென்று, அங்கே ஏழை இளைஞரின் இசைத்தட்டில் புகுந்தது. அந்த இசையைக் கேட்டு வளர்ந்த ஜப்பானிய ஓவியர் ஆப்ரோவை வரைய, அவனுக்கு இசையமைக்க ரிஸாவே வந்து சேர்ந்தார். சுற்றி வந்த வழி முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையே வழித்துணை. ஆகவேதான் இக்கலவை நமக்குச் செயற்கையாகத் தோன்றவில்லை. படத்திலும் மேளம் சண்டைக்குத் தாளம் போடுவதோடு நின்றுவிடவில்லை. பல இடங்களில் சண்டைக்கு முந்திய மௌனத்தில் ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. மறக்க முடியாத நினைவு வருவதுபோல் வருகிறது.

ஹிப்-ஹாப் என்றால் அந்நியக் கூச்சல் என்று காதைப் பொத்திக்கொள்ளும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். பம்பாய்த் தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்தேறிய தமிழ்க் குடும்பங்களின் நடுவே, தமிழிலும் இந்தியிலும் ராப் பாடும் 'டோப்படெலிக்ஸ்' என்னும் குழு தோன்றியது. 2018இல் வந்த 'காலா' படத்தின் பாடல்களிலும் அவர்கள் குரல் ஒலித்தது. ஊரில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தானே வந்து சேரும். வடக்கே வளரும் பிள்ளை அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவன் அதை ராப்பில் பிடித்துக்கொண்டானானால் நாம் ஏன் முகஞ்சுளிக்க வேண்டும்?

குறைகளைச் சொல்லாவிட்டால் விமர்சனம் ஆகாது. கதைப் பின்னல் பல இடங்களில் நைந்திருக்கிறது. யார் எப்போது எப்படி உயிர் பிழைத்தார் என்று கேட்டால் விடை கிடையாது. சியோ இக்கதையில் மிக நியாயமான குறை உடையவள், வீட்டை இழந்தவள். ஆனால் அவளை வரைந்தவர்களின் தூரிகை அவள் துயரத்தைவிட அவள் உடலையே அதிகம் கவனித்திருக்கிறது. இது சித்திரக்காரர்களின் பழைய நோய். அவள் பக்கத்து நியாயத்தை இன்னும் பத்து நிமிஷம் பேசவிட்டிருந்தால் படம் எங்கோ உயர்ந்திருக்கும். வெட்டுக் காட்சிகளும் ஓர் அளவுக்கு மேல் அலுத்துவிடுகின்றன. பத்தாவது தலை உருளும்போது நமக்கு முதல் தலையின்போது இருந்த பதற்றம் இல்லை. அதுவே இத்தகைய படங்களில் நாம் அஞ்சும் விஷயம்.

பின்புலச் சித்திரங்களுக்கு மட்டும் குறை சொல்ல மாட்டோம். அந்திச் சாம்பல், வெளுத்த பழுப்பு, கறுப்பு. அவற்றின் நடுவே சிவப்பு மட்டும் உரக்கப் பேசுகிறது. இப்படத்தின் கலை இயக்குநர் ஷிகெமி இகேடாவுக்கு 2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது கிடைத்தது. அது தகுதியான கைக்கே போயிற்று.

பார்க்க விரும்பும் இளைஞர் 2007ஆம் ஆண்டுத் தொடரின் ஐந்து பகுதிகளை முதலில் முடித்துவிட்டு இப்படத்துக்கு வருதல் வேண்டும். இல்லாவிடில் கரடித் தலையைக் கண்டு சிரிக்கத்தான் தோன்றும். படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும். பிள்ளைகள் உறங்கிய பிறகு பார்க்கவும். கதவையும் தாழிடவும்; தண்ணீர் குடிக்க எழுந்துவரும் சிறுவர்கள் எப்போதும் தலை உருளும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

இவ்வளவு குருதி வேண்டா, ஆனால் வாளும் ஹிப்-ஹாப்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை என்போர்க்கு 'சாமுராய் சம்ப்லூ' என்னும் தொடர் இருக்கிறது. 2004இல் தொடங்கிய 26 பகுதிகள். இயக்கம் ஷினிசிரோ வாடனாபே. 'சம்ப்லூ' என்பது ஒகினாவாத் தீவினர் கைக்குக் கிடைத்த காய்கறியையெல்லாம் சேர்த்து வதக்கும் கூட்டுக்கறியின் பெயரிலிருந்து வந்த சொல். மாதக் கடைசியில் நம் வீடுகளிலும் அது உண்டு. அதில் இரண்டு வாள்வீரர்கள் துணையாக வர, ஒரு பெண் தன்னைக் கைவிட்டுப் போன தந்தையைத் தேடிச் செல்கிறாள். கண்டால் அறைவதாகச் சினந்துகொண்டே போகிறாள். 2010இல் காலமான நுஜாபெஸ் என்னும் கலைஞரின் மென்மையான இசை அதற்கு அமைந்த பேறு. சண்டை அதிலும் உண்டு. சில பகுதிகள் சிறுவர்க்கு ஆகா. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையோடு தந்தையும் உடன் அமர்ந்து பார்க்கலாம். அந்தப் பெண் தன் தந்தையைக் கண்டாளா, அறைந்தாளா என்பதை நாம் இங்கே எழுதப்போவதில்லை.